ஐந்து ஃப்ளாப்பிக்கும் பொட்டு வைத்தேன்

அந்த இஞ்சினியருக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாம் அதனால்தான் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆபீசரைத் திட்டினேன். அப்புறம் கரண்டுக்காரர்களை. கடைசியாகத் திட்ட வேண்டிய ஆளை மட்டும் தினமும் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுவதால் ஆத்திரம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. காரைக்காலில் ஓர் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்று அங்கே வேலை பார்க்கிற, ஒரு பாவமும் அறியாதவர்களுக்குத் தலைக்குனிவு. வேலையை மட்டும் சொல்கிறேன். குடியிருக்கச் சொந்த மனை இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுக்க மேலிடத்தில் பட்டியல் கேட்டிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து ஃபாரம் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பேர், புருஷன் பேர், ஊர், ரேஷன் கார்டு நம்பர், இப்போது யார் நிலத்தில் குடிசை போட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் டெம்பரரி. நெரவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ், கூடவே மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு. அவ்வளவுதான் என் பவுசு.

கம்ப்யூட்டருக்கு அங்கே இருந்த மரியாதை ஆபீசருக்கே கிடையாது. ஊரே வியர்த்துக் கொட்டும்போது அதற்கு ஏ.சி. அறை. மேலே போர்த்தச் சிவப்பு வெல்வெட் உறை. செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சேற்றுக் காலோடு யாராவது அறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் எங்கள் அட்டெண்டர், "போயி கொழாயில கால கழுவிட்டு வா, உள்ள மிசினு இருக்கு" என்று விரட்டுவார். சேறு இல்லாமல் யார் வருவார்கள் அங்கே? வந்தவர்கள் அத்தனை பேரும் வயலில் இறங்குகிறவர்கள். நானும் அந்த மிஷினை அப்படித்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத நாற்காலி. கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் என்று இருக்கிறது, எல்லாம் அதில்தான் பதிகிறது, அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை ஃப்ளாப்பியில் நகல் எடுத்து வையுங்கள் என்று. எடுத்து வைத்தேன். ஐந்து வெள்ளிக்கிழமை, ஐந்து ஃப்ளாப்பி. இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஃப்ளாப்பி அகலமாக, கறுப்பாக, நமத்த அப்பளம் போல வளையும். ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் பூட்டி வைத்தேன். ஆபீஸிலேயே ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

கடைசி இரண்டு வாரத்தில் ஃபாரம் தீர்ந்துபோனது. பாண்டியிலிருந்து வர வேண்டும், வரவில்லை. வெயிலில் ஜனம் நிற்கிறது. ஆபீசர் வெளியே வந்து பார்த்தார். ஒரு மந்திரியைப் போலக் கையை ஆட்டினார்.

"ஃபாரம் எதுக்கும்மா? அதான் கம்ப்யூட்டர் வந்தாச்சுல்ல. நேரா அதுலயே அடிச்சிடு. இனிமே காயிதமே கெடையாது."

அடித்தேன். முப்பது, முப்பத்தைந்து பேர் இருக்கும், அப்படிக் காகிதமே இல்லாமல் நேராகப் பெட்டிக்குள் போனவர்கள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வந்த ஒரு விதவை, கை ஒன்று விளங்காத ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண். மற்றபடி முகம் நினைவில்லை. எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடினேன். "பொட்டிக்குள்ள ஏறிடுச்சுங்க, இனி அழியாது. வீட்டுக்குப் போங்க, சும்மா அலையாதீங்க." அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை.

நடவு வேலை பார்க்கிற அம்மா. எங்கள் நெரவி கொம்யூன் பஞ்சாயத்துக்குள்தான் ஒரு சின்ன ஊர். வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பண்ணைக்காரர் ஒருவரின் களத்து ஓரத்தில் இருபது வருஷமாகக் குடிசை. அந்த இடத்தில் மோட்டார் கொட்டகை போடப் போவதாகவும், தை பிறந்ததும் காலி பண்ண வேண்டும் என்றும் அவர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நின்று பேசவே இடமில்லை. மனை கிடைத்தால் குடிசையைப் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ரோட்டோரம்தான். அவ்வளவு தெளிவான கணக்கு.

நான் பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு, "எங்க ஏறிருக்கு? காட்டு" என்றாள்.

காலைக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்தாள். திரையில் அவள் பேர் இருந்த வரியைக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து. அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. இருந்தாலும் குனிந்து பார்த்து, கண்ணாடியில் விரலை வைத்துத் தடவினாள். "இதா?" "ஆமாங்க, இதான்." அதோடு விட்டாளா? இரண்டு நாளைக்கு ஒருமுறை, வயலிலிருந்து கரையேறியதும் ஈரச் சேலையோடு வந்து நிற்பாள். "யம்மா, ஏம் பேரு இருக்குதா?" எனக்கு எரிச்சல் வரும். "எத்தினி தடவ சொல்றது? கல்லுல வெட்டுன மாதிரி இருக்கு" என்பேன். அவள் சிரிப்பாள். "கல்லுல வெட்டுனா நா தடவிப் பாத்துக்குவேன். இது பொட்டிக்குள்ளல்ல கெடக்கு" என்பாள்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

பூஜை லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே ஆபீஸில் படையல் போடுவது வழக்கம். டைப்ரைட்டர், பேனா, பேரேடு, அட்டெண்டரின் சைக்கிள் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்று பூஜையில் வைத்துவிட்டால் லீவு முடிந்து திறக்கிற வரை எதையும் தொடக்கூடாது. கம்ப்யூட்டருக்கு அதுதான் முதல் பூஜை. பெரிய மாலை போட்டோம். ஆபீசர், திரை வெளிச்சத்தோடு இருந்தால்தான் கற்பூரம் காட்ட லட்சணமாக இருக்கும் என்று அதைப் போடச் சொன்னார். போட்டேன். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது, வந்தது. மூன்று தடவை. மிஷின் ஒரு மாதிரி முனகியது. "சாமி ஏத்துக்கிச்சு" என்றார் அட்டெண்டர். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அட்டெண்டர் என்னிடம், "அந்தக் கறுப்புத் தட்டுங்கள மறந்துட்டீங்களே. அதும் எழுத்துதானே? சரசொதி முன்னால வைக்காம இருக்கலாமா?" என்றார்.

இருக்கக்கூடாதுதான். எனக்கும் அது சரியாகப் பட்டது. பீரோவைத் திறந்து ஐந்தையும் எடுத்தேன். உறையின் மேலேயே பொட்டு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எங்கள் வீட்டில் அரிவாளுக்குப் பொட்டு வைப்பதென்றால் அரிவாளுக்குத்தான் வைப்போம், அதைச் சுற்றிய சாக்குக்கு வைக்க மாட்டோம். அதனால் உறையை உருவினேன். ஃப்ளாப்பியில் நீளவாட்டில் ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியாக உள்ளே பழுப்புத் தகடு தெரியும். அதுதான் நெற்றி என்று எனக்குத் தோன்றியது. குழைத்த சந்தனத்தை அங்கே அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஐந்துக்கும். எழுத்து பதிந்திருப்பதே அந்தத் தகட்டில்தான். வகுப்பில் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் தொடவில்லையே, பொட்டுதானே வைத்தேன் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதாம், மனசு!

லீவு முடிந்து வியாழக்கிழமை திறந்தோம். முதல் வேலையாக ஃப்ளாப்பிகளில் காய்ந்து கிடந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. உறையில் போட்டு வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டால், அது எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. கிளம்புவதற்கு வேண்டியது டிஸ்கில் இல்லை என்று. அணைத்துப் போட்டேன், அதே வரி. பட்டியல் திங்கட்கிழமை காலையில் பாண்டிக்குப் போயாக வேண்டும். அதில் பேர் இல்லாதவருக்கு மனை இல்லை. அடுத்த பட்டியல் எப்போது என்று ஆபீசருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திருச்சியிலிருந்து இஞ்சினியர் வந்தார். என்னைவிட இரண்டு வயசு கூட இருக்கும். ரெக்ஸின் பை, கழுத்தில் டை. காரைக்கால் வெயிலில் டை! வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாண்டிக்கு மூணு மணி பஸ்ஸு இருக்குல்ல?"

மிஷினை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஓ.எஸ். போயிடுச்சு சார். ஹார்ட் டிஸ்க்கை முழுசா அழிச்சிட்டு, மிஷின் ஓடறதுக்கான டாஸைப் புதுசா ஏத்தணும். ரெண்டு மணி நேர வேலை."

"அழிச்சா, உள்ள இருக்கறது?" என்றார் ஆபீசர்.

"பேக்கப் இருந்தா திரும்பிப் போட்டுக்கலாம். இருக்கா?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். அட்டெண்டர் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷத்துக்காகத்தானே ஐந்து வாரம் காத்திருந்தேன். "இருக்கு சார். அஞ்சு காப்பி இருக்கு" என்றேன். குரலில் அவ்வளவு மிடுக்கு. இன்று நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

"வெரி குட்" என்றார் இஞ்சினியர். ஒரு ஃப்ளாப்பியை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கலாம் அல்லவா? ஐந்து நிமிஷ வேலை. பார்க்கவில்லை. தன் பையிலிருந்து டாஸ் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டு மிஷினைக் கிளப்பினார். ஏதோ அடித்தார். திரையில் கேள்வி வந்தது: இந்த டிஸ்கில் இருப்பது அத்தனையும் அழியும், மேலே போகவா? Y அமுக்கினால் ஆமாம், N அமுக்கினால் வேண்டாம்.

இஞ்சினியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க டேட்டா. நீங்களே அமுக்குங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ, தன் தலைக்கு வராமல் இருக்கச் சொன்னாரோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் அமுக்கினேன். ஆமாம். இந்த விரல்தான்.

எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போயின. கடகடவென்று உள்ளே சத்தம். இஞ்சினியர் பக்கத்துக் கிளப்பில் சாப்பிடப் போய்விட்டார். வந்து டாஸை ஏற்றினார், பட்டியல் போடுகிற புரோகிராமை ஏற்றினார். மிஷின் சமர்த்தாக எழுந்து, C என்று ஓர் எழுத்தைக் காட்டி, பக்கத்தில் ஒரு சின்னக் கோட்டை மினுக்கியது. "புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்றார். "இப்ப பேக்கப் குடுங்க."

கடைசியாக எடுத்ததைக் கொடுத்தேன். போட்டார். கர்ர் என்று அம்மி அரைக்கிற சத்தம். படிக்க முடியவில்லை என்று வந்தது. அடுத்தது. கர்ர். அடுத்தது. நான்காவதை வெளியே இழுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன மேடம், சந்தன வாசன வருது?"

"பூஜைக்கு வச்சோம் சார்" என்றார் அட்டெண்டர் சன்னமாக. இஞ்சினியர் சிரித்தார். சிரித்தார்! அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்க்காத மனுஷன், என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரஸ்வதிக்கு வைக்கறத இதுக்கா வச்சீங்க? இது இனிமே வராது" என்று சொல்லி, ஆபீசரிடம் வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நாங்கள் பிடித்தது சரஸ்வதி.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பின்னால் நானே அந்த வேலைகளைப் படித்துப் பழகின பிறகு தெரிந்துகொண்டது. மிஷின் எழுந்திருக்கவில்லை என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கிளம்புவதற்கு வேண்டிய இரண்டு மூன்று ஃபைல் மட்டும் கெட்டிருக்கும். அவர் கையிலிருந்த டாஸ் ஃப்ளாப்பியாலேயே கிளப்பி, உள்ளே பட்டியல் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். இருந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, கெட்டதை மட்டும் திரும்பப் போட்டிருக்கலாம். அழித்திருக்கவே வேண்டாம். அது தெரிந்த அன்று பாத்திரம் தேய்க்கிற சாக்கில் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன், அத்தனையும் கோப அழுகை.

சனிக்கிழமை காலை ஆபீசர் மூன்று டைப்பிஸ்டுகளை வரவழைத்தார். நான் ஒருத்தி, மற்ற செக்‌ஷனிலிருந்து இருவர். ஃபாரங்களை மூன்றாகப் பிரித்து, டைப்ரைட்டரில் பட்டியல் அடிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் அறையில்தான் மேஜைகளைப் போட்டோம், வேறு இடமில்லை. புதுசாகத் துலக்கி வைத்த அந்த மிஷின் மாலையோடு பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் படபடவென்று தட்டினோம். விரல் நுனி வீங்கியது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபாரம் உள்ளவர்கள் பேரெல்லாம் பட்டியலில் திரும்ப வந்துவிடும். ஃபாரமே இல்லாமல் பெட்டிக்குள் போனவர்கள்?

உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பேர்கூட வரவில்லை. மீன்கூடை நினைவுக்கு வந்தது, கைக்குழந்தை நினைவுக்கு வந்தது. பேர் வரவில்லை, கார்டு நம்பர் வரவில்லை. ஒரே ஒரு பேர் வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து என் உயிரை வாங்கின பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிச்சத்தை மற்ற இருவரிடம் விட்டுவிட்டு அவள் ஊருக்குப் போனேன். குடிசை சாத்தியிருந்தது. சம்பா நடவு நேரம், ஊரில் ஆளே இல்லை. வரப்பில் நடந்து, நாலாவது வயலில் கண்டுபிடித்தேன். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "யாரு, ஆபீசு பாப்பாவா? என்னடி இது, மிசினு வயலுக்கு வந்துருக்கு!" என்று கூட இருந்தவர்களைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கரைக்குக் கூப்பிட்டு, கார்டு நம்பர் வேண்டும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அதான் ஏறியாச்சுன்னியே?"

"இன்னொரு தடவ சரி பாக்கணும்ங்க."

பொய்தான். வாய் கூசாமல் சொன்னேன். சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பிக்கொண்டு என்னோடு குடிசைக்கு வந்து, கூரையில் செருகியிருந்த ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தாள். எழுதிக்கொண்டேன். வாசல் வரை வந்து, "இருக்குல்ல?" என்றாள் மறுபடி. "இருக்குங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலை பட்டியலின் கடைசி வரியாக அவள் பேரை அடித்து ஆபீசர் மேஜையில் வைத்தேன். மனுஷன் மற்றதையெல்லாம் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, கடைசி வரியில் நின்றார்.

"இதுக்கு ஃபாரம் எங்க?"

"ஃபாரம் தீந்துபோச்சு சார். நீங்கதான் நேரா அடிக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னதுக்கு எழுத்துல இருக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் முப்பது பேரு இருக்காங்க சார் அந்த மாதிரி" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். ஃபாரம் எத்தன, பேரு எத்தன, ரெண்டும் சரியா இருக்கணும். இந்த ஒண்ணு போனா, மீதிப் பேரு வந்து எம் பேரு எங்கன்னு நிப்பான். அப்ப நீ வச்ச பொட்டையும் நான் சொல்ல வேண்டி வரும்." சிவப்பு மையால் அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கோணல் இல்லாமல், அழகாக. பக்கத்தை மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தேன். பத்து மணிக்குப் பட்டியல் பாண்டிக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு, கேட்காமலே உள்ளே வந்து நின்றாள்.

"யம்மா, ஏம் பேரு இருக்குதா?"

இதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. "இல்லங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததை, நானே அமுக்கியதை, சந்தனத்தை, சிவப்புக் கோட்டை.

அவள் நம்பவில்லை. "அதுல பாரு, அதுல இருக்கும். நா தொட்டுப் பாத்தனே" என்றாள். வெல்வெட் உறையை நீக்கி மிஷினைப் போட்டேன். C என்ற எழுத்தும் மினுக்குகிற கோடும் வந்தன. அவள் குனிந்து, முன்பு தடவிய அதே இடத்தில் விரல் வைத்துத் தடவினாள். பிறகு விரலைக் கோட்டுக்கு நகர்த்தினாள்.

"இதா?"

"இல்லங்க. அது சும்மா."

நிமிர்ந்தாள். அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "பொட்டு வச்சா அழிஞ்சு போற எழுத்த நம்பியா எங்கள வூட்டுக்குப் போவச் சொன்ன? என்னத்துக்குடி அதுக்கு மாலையும் மயிரும்?" ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அட்டெண்டர் ஓடி வந்தார். "நீ அங்கயே நில்லு" என்று அவரையும் ஒரு அதட்டு அதட்டினாள். என் பக்கம் திரும்பி, "காயிதத்துல எழுது. நா வந்தேன், பேரு குடுத்தேன்னு எழுதிக் குடு" என்றாள்.

எனக்குள்ளும் நாலு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். இன்ன ஊர், இன்ன பேர், விண்ணப்பம் இந்த அலுவலகத்தில் பெறப்பட்டது என்று எழுதி, அவள் முதலில் வந்த நாளைத் தேதியாகப் போட்டு, கையெழுத்துப் போட்டு, தபால் செக்‌ஷனில் இருந்த ரவுண்டு சீலை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். டெம்பரரிக்கு அந்தச் சீலைத் தொட அதிகாரமில்லை. போகட்டும் என்று குத்தினேன்.

அவள் அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போகவில்லை. நேராக ஆபீசர் அறைக்குள் நுழைந்தாள். அரை மணி நேரம். அவள் சத்தம்தான் கேட்டது. "இத எடுத்துக்கிட்டு பாண்டிக்கே போறேன்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

தாள் மேஜையில் இருந்தது. ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இது உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். விடுபட்டுப்போன பேர் ஒன்று என்று துணைப் பட்டியல் அனுப்புகிறேன், இன்றே போகும் என்றார். "ஆனா இந்த ஒண்ணோட முடியணும். இன்னொருத்தருக்கு இந்த மாதிரி எழுதிக் குடுத்தன்னா, உனக்கு நாளைலேந்து இங்க வேலையில்ல. சீல் குத்துனதுக்கு கேஸே போடலாம். உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதிருக்கேன், தெரியும்ல?" மறுபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "குடுக்க மாட்டல்ல?"

கோட்டுச்சேரிமேட்டில் போய்க் கேட்டிருந்தால் அந்த மீன்காரம்மாவைக் கண்டுபிடித்திருக்கலாம். கொம்யூன் பஞ்சாயத்தில் தண்டோரா போடச் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் அந்த அறையில் நிற்கும்போதே எனக்குத் தெரியும்.

"மாட்டேன் சார்" என்றேன்.

அதுவும் ஒரு Y தான். அதை அமுக்கச் சொல்லி இஞ்சினியர் யாரும் நாற்காலியைத் தள்ளிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் எனக்கு வேலை நிரந்தரமானது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அவளுக்கு மனை கிடைத்தது. தையில் குடிசையைப் பிரித்துக்கொண்டுபோய் அங்கே கட்டினாள். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், இடுப்பில் ஒரு பரங்கிக்காயோடு ஆபீஸுக்கு வந்தாள். கொல்லையில் முதல் காய்ப்பு என்று என் மேஜை மேல் வைத்தாள். நான் வேண்டாம் என்றதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நா வந்த அன்னிக்கு எங்கூட இன்னும் நாலஞ்சு பேரு பேரு குடுத்தாங்கல்ல. கைப்புள்ளக்காரி ஒருத்தி இருந்தாளே. அவள நேத்து சந்தையில பாத்தேன். பொட்டிக்குள்ள பேரு இருக்காம், இந்த வருசம் வந்துருமாம், நீ சொன்னியாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. நா என்ன சொல்லட்டும்?"

என்னை நம்பியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. திரும்பி வராததால் அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. நம்பாதவள் பேர் மட்டும்தான் என் தலையில் ஏறியிருந்தது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? பரங்கிக்காயைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்தேன்.

"அவ பேரு என்னம்மா?" என்றாள்.

"தெரியலங்க."

"நீதான பொட்டிக்குள்ள போட்ட?"

"ஆமாங்க" என்றேன்.